சாப்பிட்டாச்சா என்று கேட்ட பில்ட் டூல்

எங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் தவறாமல் "சாப்பிட்டாச்சா?" என்று என்னைக் கேட்டது ஒரே ஒரு ஆள்தான். அதுவும் ஆள் இல்லை, பில்ட் டூல். என் கணவர்கூட வாரத்துக்கு இரண்டு முறைதான் கேட்பார். அதிலும் ஒரு முறை, வீட்டில் சோறு மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக.

பில்ட் டூல் என்றால் என்ன என்று என் மாமியார் ஒரு தடவை கேட்டார். காலையில் ஒட்டுக்கடையில் நாசி லெமாக் கட்டுகிறார்கள் இல்லையா, அதுதான் என்றேன். சோறு ஒரு பக்கம், சம்பல் ஒரு பக்கம், நெத்திலி, முட்டை எல்லாம் தனித்தனியாக இருக்கும். வரிசையாக எடுத்து வைத்து, இலையை மடித்து, பொட்டலமாகக் கொடுப்பார்கள். நாங்கள் எழுதும் நிரலையும் அதே மாதிரி சரிபார்த்து, சேர்த்து, வாடிக்கையாளர் கணினியில் ஏற்றும்படி ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது பில்ட் டூல். "இதுக்கா உனக்குப் படிப்பு?" என்று மாமியார் கேட்டார்.

மலேசியாவின் தென்கோடியில், கூலாயில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பேர். செம்பனை எண்ணெய் ஆலைகளில் லாரியை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. பழக்குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. வித்தியாசம் சீட்டில் வரும். அந்தச் சீட்டு கைக்கு வராமல் எந்த லாரிக்காரரும் ஆலை வாசலைத் தாண்டமாட்டார். முதலாளியே வந்து கும்பிட்டாலும் மாட்டார்.

எங்கள் பில்ட் டூலை வளைத்து, ஒடித்து, தைத்து வைத்திருந்தவர் எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்ட மூவார்க்காரர். நாற்காலி மேசை செய்யும் சீனக் குடும்பத்துப் பிள்ளை. மூவாரில் பாதிப் பேர் அந்தத் தொழில்தான். இவர் மட்டும் தப்பித்து கணினிக்கு வந்தார், ஆனால் கை பழக்கம் போகவில்லை. ஆடுகிற இடத்தில் எல்லாம் ஒரு கட்டையை வைத்து அடித்திருப்பார். பில்ட் டூலுக்கு அவர் எழுதிய கட்டளைக் கோப்பை, அந்த ஸ்கிரிப்ட்டை, முதன்முதலாகத் திறந்து பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. குறிப்புகள் பாதி மலாய், பாதி ஆங்கிலம். இடையில் ஹொக்கியனில் சில வார்த்தைகள். அவை நல்ல வார்த்தைகள் இல்லை என்று பாஸ் சொன்னார். அவரும் சீனப் பெண்மணிதான்.

அந்த ஸ்கிரிப்ட்டின் நட்ட நடுவில்தான் அந்தக் கேள்வி. பில்ட் பாதி ஓடியதும் சட்டென்று நின்று, திரையில் மலாயில் கேட்கும்: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா? "சுடா" என்று தட்டினால் மேலே போகும். "பெலும்", அதாவது இன்னும் இல்லை என்று தட்டினால், "பெர்கி மாக்கான் டுலு" என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்கும். போய் முதலில் சாப்பிடு என்று அர்த்தம். ஒரு இயந்திரம் என்னைப் பார்த்துச் சொல்கிறது!

இதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. பகல் ஒரு மணிக்கு பில்ட்டைத் தட்டிவிடுவோம். எல்லோரும் கீழே இறங்கி வாழை இலைக் கடைக்குப் போவோம். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, வாய் நிறைய ஏப்பத்தோடு "சுடா" என்று தட்டுவோம். பொட்டலம் வந்துவிடும். சோதனை பார்க்கும் மலாய்க்கார அக்கா, நாங்கள் காக் என்று கூப்பிடுவோம், இதில் ரொம்பக் கண்டிப்பு. சாப்பிடாமல் சுடா என்று தட்டினால் பொய் சொன்ன பாவம் என்பார்.

பாஸ் மட்டும் எங்களோடு வரமாட்டார். மேசையிலேயே ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பார். இரண்டு தடவை அவரே பில்ட் போட்டிருக்கிறார். இரண்டு தடவையும் பொட்டலம் கெட்டுப்போனது. ஏன் என்று யாரும் ஆராயவில்லை. "பாஸ் கை பட்டா பில்ட் படுத்துடும்" என்று முடிவு கட்டி, அவரை அந்தக் கணினிப் பக்கம் வரவிடாமல் தடுத்துவிட்டோம். பட்டம் வாங்கிய ஐந்து பேர் சேர்ந்து எடுத்த முடிவு அது.

மூவார்க்காரர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனார். போகும் நாளில் என்னிடம் ஸ்கிரிப்ட்டை ஒப்படைத்தார். நாங்கள் பேசிக்கொள்வது பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக இருக்கும். இங்கே தமிழில் எழுதுகிறேன்; பேச்சுக்குப் பேச்சு அவர் ஒட்டும் 'லா'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"எல்லாத்தையும் மாத்திக்கோ. அந்தக் கேள்விய மட்டும் விட்டுடு லா," என்றார்.

"ஏன்?"

"மனுசன் சாப்பிடணும்ல?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. பெரிய தத்துவஞானி என்று நினைப்பு! சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மாற்றவேண்டிய பட்டியலில் முதல் வரியாக அந்தக் கேள்வியைத்தான் எழுதிவைத்தேன்.

இரண்டு வருடம் சோம்பேறித்தனத்தால் அதைத் தொடவில்லை. பிறகு எங்கள் நிறுவனத்தைக் கோலாலம்பூரில் உள்ள பெரிய நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டது. அவர்கள் வந்த வேகத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பில்ட் டூலைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். பொட்டலம் இனி அவர்களுடைய சர்வரில்தான் கட்டப்பட வேண்டும். முதல் பொட்டலம் பண்டார் தெங்காராவில் உள்ள ஆலைக்குப் போகும். அது ஒழுங்காக ஓடினால் கூலாய் அலுவலகம் இருக்கும். இல்லையென்றால் வேலை முழுவதும் கோலாலம்பூருக்கு.

அலுவலகம் மூடினால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டவேண்டும். இங்கே சேர்வதற்கு முன்னால் இரண்டு வருடம் சிங்கப்பூருக்குப் போய்வந்தவள்தான் நான். விடிவதற்கு முன்பே எழுந்து, கூலாயிலிருந்து ஜொகூர் பாரு, அங்கே பேருந்து, குடிநுழைவு வரிசை, மறுபடி பேருந்து, மறுபடி வரிசை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. தூங்கும்போது கிளம்புவேன், தூங்கிய பிறகு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, என்னைத் தாண்டி ஓடி, பார்த்துக்கொள்ளும் ஆண்ட்டி எங்கே என்று அழுதாள். அன்றைக்கு எழுதியதுதான் ராஜினாமாக் கடிதம். என் கணவர் இன்னும் மோட்டார் சைக்கிளில் போய்வந்துகொண்டிருக்கிறார். இரண்டு பேரும் போனால் மகளுக்கு யாரும் இல்லை. மறுபடியும் அந்த வரிசையில் போய் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. வேறு எந்தப் பெருந்தன்மையான காரணமும் இல்லை.

ஆகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்று வாரம். மூவார்க்காரர் வைத்த கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். பழைய கட்டளைகள் பலவற்றைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை. அவற்றைத் திருப்பி எழுதினேன். ஹொக்கியன் வசவுகளை அழித்தேன். கேள்வி இருந்த இடத்துக்கு வந்தேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கூத்து. நோன்பு மாதத்துக்கு என்று தனியாக ஒரு விதி எழுதியிருந்தார். அந்த மாதத்தில் கேள்வி வராது. அதற்குப் பதிலாக பில்ட் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும். காக்கிடம் காட்டினேன். "பாத்தியா, எவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஆளு," என்று அவர் கண் கலங்கினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நோன்புக்காக இயந்திரம் களைத்துப்போய் உட்காருமா? இரண்டையும் அழித்தேன். அழிக்கும்போது ஒரு குஷி வந்தது பாருங்கள், பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கிற மாதிரி.

புதிய பில்ட் மூன்றே நிமிடத்தில் ஓடி முடிந்தது. என் கணினியில் கட்டிய பொட்டலத்தை காக் நாள் முழுக்கச் சோதித்தார். ஒரு குறை இல்லை. திரை வழிக் கூட்டத்தில் கோலாலம்பூர்க்காரர்கள் கை தட்டினார்கள். ஒரு மணி நேர பில்ட்டை மூன்று நிமிடம் ஆக்கிய பெண் என்று என்னைச் சொன்னார்கள். ஐம்பத்தேழு நிமிடம் நாங்கள் ரசம் குடித்துக்கொண்டிருந்தோம் என்பதை நான் சொல்லவில்லை. பாஸும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஆலையில் புதிய பொட்டலம் ஏறியது. ஒன்பது மணிக்குப் போன். பேசியவர் எடை மேடையில் கணக்கு எழுதும் கிராணி. எனக்குப் பல வருடப் பழக்கம், நான் அண்ணே என்று கூப்பிடும் மனிதர்.

"தங்கச்சி, எடை சரியா காட்டுது. சீட்டு அடிச்சா வெள்ளத் தாளா வருது."

"மை தீந்திருக்கும்ண்ணே."

"மையெல்லாம் இப்பத்தான் மாத்துனேன். எதுத்தாப்புல பதினாலு லாரி நிக்குது. ஒருத்தன் ஸ்டியரிங்குல கால தூக்கிப் போட்டுப் படுத்துட்டான். அலமாக், என்னை அடிக்க வராங்கம்மா!"

பழைய பதிப்பை மறுபடி ஏற்றச் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஏற்றிவிட்டார். அதுவரை லாரி வரிசை பெரிய சாலை வரை நீண்டு, அந்த வழியாகப் போன பள்ளிப் பேருந்து திரும்பிப் போனதாம். பத்தரை மணிக்கு கோலாலம்பூரிலிருந்து பாஸுக்குப் போன் வந்தது. வியாழக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதுவும் கெட்டால் அலுவலகம் மூடப்படும்.

அன்று நான் திட்டாத ஆள் இல்லை. ஆலையின் அச்சு இயந்திரத்தைத் திட்டினேன். கோலாலம்பூர் சர்வரைத் திட்டினேன். ஒழுங்காகச் சோதித்தீர்களா என்று காக்கிடமே கேட்டுவிட்டேன். பாவம், அவர் நான் கொடுத்ததைத்தான் சோதித்தார். தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். போதாக்குறைக்கு, பாஸ் ராத்திரியில் வந்து பில்ட்டைத் தொட்டாரோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

பிறகு மரியாதையாக உட்கார்ந்து இரண்டு பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்தேன். என் கணினியில் கட்டியதில் அச்சுப் படிவங்கள் நாற்பது இருந்தன. கோலாலம்பூர் சர்வரில் கட்டியதில் மூன்று. சீட்டு எப்படி அச்சாகவேண்டும் என்று சொல்லும் படிவமே உள்ளே இல்லை. சம்பல் வைக்காமல் இலையை மடித்துவிட்டது. என் கணினியில் மட்டும் எப்படி வந்தது? பழைய பில்ட் விட்டுப்போன படிவங்கள் அதே இடத்தில் கிடந்தன, அதை அள்ளிப் போட்டுக்கொண்டது. அந்த சர்வர் துடைத்து வைத்த புதுச் சட்டி. சரி, படிவங்களை ஏன் உண்டாக்கவில்லை? உண்டாக்குகிற சின்ன நிரலைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். நாற்பதும் வந்தன. ஆனால் பில்ட்டுக்குள் ஓட்டினால் மூன்று. ஒரு தடவை ஐந்து. செவ்வாய்க்கிழமை மதியம் வரை முட்டி மோதினேன். விளங்கவில்லை.

மூவார்க்காரரைக் கூப்பிட வேண்டும் என்பது திங்கட்கிழமையே தெரியும். ரோஷம் விடவில்லை. செவ்வாய் மதியம் மகளின் பள்ளியிலிருந்து, லேசாகக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். பத்து நிமிடத்தில் போய் அழைத்து வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் படுக்கவைத்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் எத்தனை மணி ஆகியிருக்கும்? ரோஷமாவது ஒன்றாவது. போனை எடுத்தேன்.

அவர் எடுத்ததும் கேட்ட முதல் வார்த்தை: "சுடா மாக்கான்?"

"சுடா," என்றேன். காலையிலிருந்து ஒரு தே தாரிக் கூடக் குடிக்கவில்லை.

"பொய். குரலே சொல்லுது. கேள்விய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"எத்தன படிவம் வந்துச்சு?"

"மூணு."

அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், நான் போனைத் தள்ளிப் பிடிக்கவேண்டியதாயிற்று. சிரித்து முடித்து விஷயத்தைச் சொன்னார். படிவம் செய்கிற அந்தச் சின்ன நிரல் அவருக்கும் முன்னால் யாரோ எழுதியது. மூலம் தொலைந்துபோய்விட்டது. அதைக் கிளப்பிவிட்டால் தனியாக ஒரு மூலையில் ஓடும், எட்டு நிமிடம் எடுக்கும். முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் சொல்லாது. பில்ட் டூலோ, கிளப்பியாச்சு, வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய் இலையை மடித்துவிடும். நடுவில் யாராவது அதை நிறுத்தி வைக்க வேண்டும்.

"அதுக்கு பத்து நிமிஷம் காத்திருன்னு எழுதியிருக்கலாமே! நோன்பு மாசத்துக்கு எழுதுன மாதிரி."

"முதல்ல அப்படித்தான் எழுதுனேன். பாஸ் பாத்துட்டு, ஏன் மெசின் பத்து நிமிஷம் சும்மா நிக்குது, எடுத்துடுன்னுச்சு. மெசின் சும்மா நின்னா எல்லாரும் கேப்பாங்க. மனுசன் சாப்பிடப் போனா யாராச்சும் கேப்பாங்களா? அதான் கேள்வியா மாத்துனேன். மூணு வருசம் ஒருத்தர்கூட பில்ட் லேட்டுன்னு சொல்லல லா."

"நோன்பு மாசத்துல?"

"காக் சாப்பிடாது. பொய்யும் சொல்லாது. பெலும்னு தட்டுனா பில்ட் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். வேற வழி?"

அப்போதுதான் பாஸின் ராசியில்லாத கையும் விளங்கியது. அந்த அம்மாள் மேசையிலேயே ரொட்டியைக் கடித்துக்கொண்டு, கேள்வி வந்த மறுநொடி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டாயிற்று என்று. பழைய ஸ்கிரிப்ட் முந்தைய படிவங்களைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும்; அந்த வரியையும் நான்தான் அழித்திருந்தேன். அதற்கு நாங்கள் கொடுத்த பெயரை நினைத்து வெட்கமாக இருந்தது.

"இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன். மகள் புரண்டு படுத்தாள்.

"சொன்னா நீ உடனே பாஸ்கிட்டப் போய் சொல்லுவ. நீ அப்படித்தான்."

நான் அப்படித்தான்.

புதன்கிழமை அதைச் சரியாக எழுதினேன். புதிய பில்ட் டூலில் நமக்கு வேண்டிய படியை நாமே செய்து சொருகலாம். படிவம் செய்யும் நிரலைக் கிளப்பிய பிறகு, கடைசிப் படிவம் வந்துவிட்டதா, அதன் அளவு வளர்வது நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு படி. நாற்பதும் வந்தால்தான் இலையை மடிக்கும். ஒன்று குறைந்தாலும் பொட்டலம் கட்டாமல் சத்தம் போடும். இந்தத் தடவை கோலாலம்பூர் சர்வரில் கட்டியதை இறக்கித்தான் காக்கிடம் சோதிக்கக் கொடுத்தேன். கூடவே மன்னிப்பும் கேட்டேன். மன்னிப்பை வாங்கிக்கொண்டு, நாற்பது படிவத்தையும் ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்த்தார். பில்ட் எடுத்த நேரம் பதினொரு நிமிடம்.

வியாழக்கிழமை காலை நானே காரை எடுத்துக்கொண்டு பண்டார் தெங்காராவுக்குப் போனேன். இரண்டு பக்கமும் செம்பனை, முன்னால் குலை லாரி, அதை முந்த முடியாமல் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். கடைசியில் அதே லாரிதான் எடை மேடையில் முதலாவதாக ஏறியது. இறக்கிவிட்டு வெளியே வந்தது. கிராணி அண்ணன் பொத்தானை அழுத்தினார். கரகரவென்று சீட்டு வந்தது, எழுத்தோடு. அவர் அதைக் கிழித்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மாரியாத்தா," என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது லாரி போகும் வரை எழுந்திருக்கவில்லை.

மாலையில் பாஸ் கூப்பிட்டார். கூலாய் அலுவலகம் இருக்கும். மூன்று நிமிட பில்ட் ஏன் பதினொரு நிமிடம் ஆனது என்று கோலாலம்பூரில் கேட்டார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க ஆளுங்க சாப்பிட வேணாமான்னு கேட்டேன்," என்றார் பாஸ். மூவார்க்காரருடைய பத்து நிமிடத்தை எடுக்கச் சொன்ன அதே பாஸ்.

வீட்டுக்கு வந்து மகளுக்குத் தட்டில் சோறு போட்டேன். காய்ச்சல் விட்டிருந்தது. எனக்கும் போட்டுக்கொண்டு உட்காரும்போது, அந்த மனிதருக்கு நன்றி சொல்லவில்லையே என்று ஞாபகம் வந்தது. மணி ஆறரை. கூப்பிட்டேன். பின்னால் ஹாரன் சத்தம், யாரோ இருமும் சத்தம்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துல. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரேன், பஸ் நவுரல. இறங்கி நடக்குறேன். முன்னால ஆயிரம் பேரு நடக்குறாங்க லா."

சீட்டு வந்த கதையைச் சொன்னேன். அலுவலகம் தப்பித்ததைச் சொன்னேன். பாஸ் சொன்னதைச் சொன்னதும் ஹொக்கியனில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் எங்களை எல்லாம் மூன்று வருடம் தினம் தினம் கேட்டிருக்கிறார். நாங்கள் யாரும் அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"சுடா மாக்கான்?" என்றேன்.

"பெலும்," என்றார். "காலையில ஒரு ரொட்டி. அப்புறம் நேரமில்ல."

பெர்கி மாக்கான் டுலு என்று சொல்ல வாயெடுத்தேன். பாலத்தின் நடுவில் எங்கே போய்ச் சாப்பிடுவார்? "எங்க ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, பாஸ்கிட்ட நான் பேசுறேன்," என்றேன். "பேசேன். நீ அப்படித்தான்," என்றார். போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மகள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அவர் குடிநுழைவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, முதல் கடையில் மீ கோரெங் சொல்கிற வரை பேசிக்கொண்டிருந்தேன். பிறகுதான் என் சோற்றைப் பிசைந்தேன்.